பறவைக் குழுவுக்குப் படக்காட்சி உரை தயாரிக்கும் முறை

ஒரு படக்காட்சி உரையைக் கேட்டுவிட்டுப் போகிறவர், அடுத்த முறை ஏரிக்கரையில் நிற்கும்போது, அதுவரை கண்ணில் பட்டும் கவனத்தில் படாத ஒன்றைக் கவனித்தால் அந்த உரை பயன்பட்டது என்று கொள்ளலாம். பெங்களூரில் அல்சூர், ஜீவன்பீமா நகர், ராமமூர்த்தி நகர் போன்ற பகுதிகளில், அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையிலோ பள்ளி வகுப்பறையிலோ முப்பது நாற்பது பேர் கூடும் ஒரு தமிழ்ப் பறவைக் குழுவில் முதன்முறையாகப் பேச அழைக்கப்பட்டவர்களை மனத்தில் வைத்து இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். பறவைகளை நன்கு அறிந்தவர்களும் நல்ல கேமரா வைத்திருப்பவர்களும் நம் நகரத்தில் நிறையவே இருக்கிறார்கள். தாம் கண்டதை மற்றவரும் காணும்படி செய்வதற்கு அதற்கு மேல் சில பழக்கங்கள் வேண்டும். அவற்றை யாரும் கற்றுக்கொள்ள முடியும்.

தலைப்பைச் சுருக்குங்கள்

இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் அறுபதை ஒரு மணி நேரத்தில் காட்டிவிட முடியும். ஆனால் கேட்பவர் வீட்டுக்குக் கொண்டுபோவது மூன்று நான்காகத்தான் இருக்கும், அந்த மூன்று நான்கும் நீங்கள் விரும்பியவையாக இருக்காது. ஆகவே ‘பெங்களூரின் பறவைகள்’ போன்ற அகன்ற தலைப்பை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்து விடை காணக்கூடிய ஒரு கேள்வியைத் தலைப்பாக்குங்கள். வானில் வட்டமிடுவது கரும்பருந்தா, செம்பருந்தா? கூழைக்கடா தன் அலகுப் பையைக் கொண்டு எப்படி மீன் பிடிக்கிறது? செப்டம்பரில் வந்து கோடைக்குள் திரும்பிவிடும் வாலாட்டிகள் எவை, ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும் வாலாட்டி எது?

ஒரே ஒரு பறவையை வைத்தும் முழு உரையை நிகழ்த்தலாம். பெங்களூரின் மரங்களிலிருந்து ‘குட்ரூ குட்ரூ’ என்று விடாமல் ஒலிக்கும் குரலைக் கேட்காதவர் இங்கே இருக்க முடியாது. அந்தக் குரலுக்கு உரிய வெண்கன்னக் குக்குறுவானைப் பார்த்தவர்களோ குறைவு, ஏனென்றால் அதன் பச்சை நிறம் இலைகளுக்குள் கரைந்துவிடுகிறது. அது ஆல், அரசு, அத்தி இனப் பழங்களைப் பெரிதும் உண்கிறது. பட்டுப்போன கிளையில் தன் அலகால் பொந்து குடைந்து முட்டையிடுகிறது. அது விட்டுச்சென்ற பொந்துகளைப் பின்னர் வேறு சிறு பறவைகள் பயன்படுத்திக்கொள்கின்றன. குரலில் தொடங்கி, பழத்துக்குப் போய், பட்ட கிளைக்கு வந்தால், தெருவோர மரத்தின் காய்ந்த கிளையை ஏன் எல்லா இடத்திலும் வெட்டிவிட வேண்டியதில்லை என்பது சொல்லாமலே விளங்கிவிடும். ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் பட்ட கிளை ஒரு வீடு என்பதைக் கேட்பவர் தாமே கண்டுகொள்வார்.

தலைப்பைக் காலத்தோடு பொருத்துவதும் நல்லது. வலசைப் பறவைகளைப் பற்றிய உரை அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் அமைந்தால் கேட்டதை மறுநாளே பார்க்கலாம். தூக்கணாங்குருவியின் கூடு கட்டும் திறனைப் பற்றிய உரைக்கு மழைக்காலமே ஏற்றது. பறவையியலாளர் சாலிம் அலி பிறந்த நாளான நவம்பர் 12, தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலகெங்கும் நடக்கும் வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு ஆகியவற்றை ஒட்டிய வாரங்களில் புதியவர்களும் ஆர்வத்தோடு வருவார்கள்.

படங்களைத் தேர்ந்தெடுத்தல்

அழகான படமும் உரைக்குப் பயன்படும் படமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொரு படத்தையும் சேர்க்கும் முன், ‘இதில் அவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?’ என்று உங்களையே கேளுங்கள். ஒரே வாக்கியத்தில் விடை வந்தால் படத்தை வைத்துக்கொள்ளுங்கள்; வராவிட்டால், அது எத்தனை அருமையான படமாக இருந்தாலும் நீக்கிவிடுங்கள். நாற்பது நிமிட உரைக்கு இருபத்தைந்து முதல் முப்பது படங்கள் போதும் என்பது என் கருத்து.

பருந்துகளை எடுத்துக்கொள்வோம். செங்காவி உடலும் வெண்ணிறத் தலையும் கொண்ட முதிர்ந்த செம்பருந்தின் படத்தைக் காட்டினால், குழந்தையும் அதை அடையாளம் சொல்லிவிடும். ஆனால் ஏரியின் மேல் பறப்பது பழுப்பு நிறமுள்ள இளம் செம்பருந்தாக இருந்தால் அதைக் கரும்பருந்து என்றே பலர் எழுதிக்கொள்கிறார்கள். இங்கே நிறம் உதவாது, வாலின் வடிவமே உதவும்: கரும்பருந்தின் வால் நுனியில் பிளவுபட்டிருக்கும், செம்பருந்தின் வால் நுனியில் வளைந்து வட்டமாக இருக்கும். ஆகவே முதலில் இரண்டின் கருநிழல் வடிவங்களை மட்டும் ஒரே அளவில், ஒரே திசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நிறத்தை மறைத்துவிட்டால் கண் தானாகவே வடிவத்தைத் தேடும். அதன் பிறகு இளம் பறவையின் படத்தைக் காட்டி, எது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

ஒப்பிட்டுக் காட்டுவதே இத்தகைய உரையின் உயிர். நாமக்கோழிக்கு நெற்றியும் அலகும் வெள்ளை. தாழைக்கோழிக்கு நெற்றி சிவப்பு, அலகின் நுனி மஞ்சள், விலாவில் ஒரு வெண்கோடு. நீலத் தாழைக்கோழி உருவத்தில் பெரியது, நீண்ட விரல்களால் மிதக்கும் செடிகளை மிதித்து நடப்பது. இந்த மூன்றின் தலைகளை மட்டும் வெட்டி ஒரே ஸ்லைடில் வைத்தால், ஏரியில் குழப்பம் தரும் மூன்று பறவைகள் அன்றோடு தெளிவாகிவிடும். குயிலைப் பற்றிப் பேசும்போது கறுத்த ஆண் குயிலை முதலில் காட்டாதீர்கள். பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட பெண் குயிலைக் காட்டி, இது என்ன பறவை என்று கேளுங்கள். பல ஆண்டுகள் குயிலின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களும் அதைக் குயில் என்று எண்ணத் தயங்குவதைக் காண்பீர்கள்.

தொலைவில் மங்கலாகப் பதிந்த படங்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஏரிக்கரையில் 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் வழியே நாம் உண்மையில் காண்பது அத்தகைய காட்சியைத்தான். இறகின் ஒவ்வொரு இழையும் தெரியும் படங்களை மட்டுமே கண்டு பழகியவர், நேரில் ஒரு சிறு கரும்புள்ளியைப் பார்த்து ஏமாற்றம் அடைகிறார். முதலில் தொலைவுக் காட்சி, அடுத்து அதே பறவை அண்மையில், மீண்டும் தொலைவுக் காட்சி என்று அமைத்துப் பாருங்கள். மூன்றாவது படத்தில் அவர்கள் முதலில் காணாததைக் காண்பார்கள்.

பெயரைச் சொல்ல அவசரப்படாதீர்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. பெயர் கிடைத்தவுடன் பார்ப்பது நின்றுவிடுகிறது. பெயரைப் படத்தின் மேல் எழுதாமல் அடுத்த ஸ்லைடில் எழுதுங்கள்; படம் திரைக்கு வந்ததும் ஐந்தாறு வினாடிகள் பேசாமல் நில்லுங்கள். பேசுகிறவருக்கு அந்த மௌனம் நீண்டதாகத் தோன்றும், பார்க்கிறவருக்கு அது போதாது. பிறகு ‘அலகைப் பாருங்கள்’, ‘கால் நிறத்தைப் பாருங்கள்’ என்று ஒரே ஒரு குறிப்பைக் கொடுங்கள். சின்னக் கொக்கின் கறுத்த கால்களுக்குக் கீழே மஞ்சள் பாதங்கள் இருப்பதை ஒருவர் தாமே கண்டு சொன்னால், அதை அவர் மறக்கமாட்டார்.

மற்றவர் எடுத்த படங்களை அனுமதி பெறாமல் பயன்படுத்தக் கூடாது. குழுவிலேயே படம் எடுப்பவர்கள் இருப்பார்கள், கேட்டால் மகிழ்ச்சியோடு தருவார்கள்; படத்தின் ஓரத்தில் அவர்கள் பெயரை இடுங்கள். இணையத்திலிருந்து எடுப்பதானால், பிறர் பயன்படுத்த எடுத்தவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ளவற்றை, உரிமம் கேட்கும்படி பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்துங்கள்.

கையால் வரைந்த ஒரு படம்

எல்லாமே புகைப்படமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் ஏரியைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்பதைத் தாளில் வரைந்து, அதில் பறவைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் ஒரு படம், பல புகைப்படங்கள் செய்ய முடியாததைச் செய்யும். முதலில் கரையும் நீர்மட்டமும் அடிமண்ணும் மட்டும் இருக்கட்டும். அடுத்து ஈரமண்ணில் ஓடி ஓடிப் பூச்சி பிடிக்கும் வாலாட்டி. கணுக்கால் அளவு நீரில் அசையாமல் நிற்கும் மடையான். அதைவிட ஆழத்தில் நீண்ட கால்களோடு நிற்கும் சாம்பல் நாரை. நீரின் மேற்பரப்பில் மேயும் புள்ளிமூக்கு வாத்து. மூழ்கி எழும் முக்குளிப்பான். நீருக்குள் மீனைத் துரத்தும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும். கிளையில் காத்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தி. காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாகப் பாயும் கருப்புவெள்ளை மீன்கொத்தி. எல்லாவற்றுக்கும் மேலே பறந்தபடியே பூச்சி பிடிக்கும் தகைவிலான்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆழம், ஓர் இடம், ஓர் உணவு என்பது இந்த ஒரு படத்தில் புலப்பட்டுவிடும். அதன்பின் அதே படத்தின் கரையை மட்டும் மாற்றி, சரிவை நீக்கிச் செங்குத்தான கல்சுவராக்கி, ஏரியை ஒரே ஆழமாகத் தூர் வாரியதுபோல் வரையுங்கள். வாலாட்டியும் மடையானும் நாரையும் நிற்க இடமில்லாமல் போவதை யாரும் விளக்கத் தேவையில்லை. பெங்களூரின் ஏரிகள் பெரும்பாலும் பாசனத்துக்காக மனிதர்கள் மண்கரை எழுப்பி உருவாக்கியவை. அவற்றைச் சீரமைக்கும்போது ஆழம் குறைந்த ஓரங்களை விட்டுவைக்க வேண்டும் என்ற கோரிக்கை எங்கிருந்து எழுகிறது என்பதை இந்தப் படம் உணர்த்திவிடும். ஏரியைக் காக்க நினைக்கும் குடியிருப்போர் சங்கத்தினர் கூட்டத்தில் இருந்தால், இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுங்கள்.

வலசையைக் காட்டவும் எளிய வரைபடமே சிறந்தது. மங்கோலியாவிலும் திபெத்தியப் பீடபூமியிலும் இனப்பெருக்கம் செய்து, இமயமலையைக் கடந்து கர்நாடகத்தின் நீர்நிலைகளுக்கு வரும் வரித்தலை வாத்துக்கு ஒரு வரைபடமும் ஓர் அம்புக்குறியும் போதும். ஒரே வரைபடத்தில் பத்து இனங்களின் பாதைகளை வண்ண வண்ணமாக வரைந்தால் ஒன்றும் மனத்தில் பதியாது.

எழுத்துருவைச் சரிபாருங்கள்

தமிழில் ஸ்லைடு செய்பவர்களுக்கு அடிக்கடி நேரும் ஒரு தொல்லை இது. உங்கள் லேப்டாப்பில் அழகாகத் தெரிந்த எழுத்துகள், அரங்கில் உள்ள கணினியில் சதுரங்களாகவோ, கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து புள்ளிவட்டத்தோடோ தெரியலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே காட்சியளிக்கும். எனவே எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள்; நோட்டோ சான்ஸ் தமிழ், நிர்மலா போன்ற பரவலான எழுத்துருக்களைப் பயன்படுத்துங்கள்; முடித்தபின் பவர்பாயின்ட் கோப்போடு பிடிஎஃப் வடிவம் ஒன்றையும் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். பிடிஎஃபில் எழுத்துகள் மாறாது, ஆனால் ஒலியும் அசைவும் இயங்காமல் போகலாம் என்பதால் பறவைக் குரல் கோப்புகளைத் தனியாக வைத்திருப்பது நல்லது.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று படியுங்கள், படிக்க முடியாத வரியைப் பெரிதாக்குங்கள் அல்லது நீக்குங்கள். பறவையின் தமிழ்ப் பெயரோடு ஆங்கிலப் பெயரையும் இடுவது அவசியம், ஏனென்றால் பறவைகளை அடையாளம் காணவும் பதிவு செய்யவும் உதவும் மெர்லின், ஈபேர்ட் போன்ற செயலிகளில் பலரும் அதைக் கொண்டே தேடுவார்கள். அண்டை வீட்டாரோடும் ஏரிக் காவலரோடும் பேச வேண்டிய நமக்குக் கன்னடப் பெயரும் தெரிந்திருந்தால் மிகவும் உதவும். கர்நாடகத்தின் மாநிலப் பறவையான பனங்காடையை இங்கே நீலகண்டா என்றால்தான் உடனே புரியும்.

குரல்கள்

பறவைக் குரல்களின் பதிவுகள் ஜீனோ-கான்டோ தளத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. லேப்டாப்பின் ஒலிபெருக்கியை நம்பாதீர்கள்: செம்போத்தின் அடித்தொண்டைக் குரல் அதில் ஏறக்குறைய மறைந்துவிடும். தனி ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துச் சென்று, அரங்கின் கடைசி வரிசையில் ஒருவரை நிறுத்திச் சோதியுங்கள். கதிர்க்குருவிகளின் மெல்லிய கூர்ந்த ஒலி வயது முதிர்ந்த சிலருக்குக் கேட்காமல் போகலாம்; அதிர்வெண் கூடிய ஒலிகளைக் கேட்கும் திறன் வயதோடு குறைவது இயல்பு. ஆகவே அத்தகைய ஒலிகளுக்கு ஒலிவரைபடத்தையும் திரையில் காட்டுங்கள். கேளாதவரும் கண்ணால் அதன் ஏற்ற இறக்கத்தைத் தொடரலாம்.

குரலைக் கற்பிக்கும்போதே ஒரு கட்டுப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். பதிவு செய்த குரலைக் களத்தில் ஒலிக்கச் செய்து பறவையை வெளியே வரவழைப்பது அதன் எல்லையில் எதிரி நுழைந்துவிட்டதாக அதை நம்பவைப்பதாகும். இனப்பெருக்கக் காலத்தில் அது கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டு அலைய நேரிடும். அரங்கில் மட்டுமே ஒலிக்கச் செய்யுங்கள்.

எதைக் காட்டக் கூடாது

கூட்டில் உள்ள பறவைகளை நெருங்கி எடுத்த படங்களை, அவை எத்தனை மனத்தைத் தொட்டாலும், காட்டாதீர்கள். ஒரு கூட்டத்தில் பாராட்டுப் பெற்ற கூட்டுப் படம் அடுத்த வாரம் பத்துப் பேரைக் கூட்டருகே அனுப்பிவிடும். ஆந்தைகளும் தேவாங்கும் இன்னும் அதிகக் கவனத்துக்குரியவை. இந்த நகரத்துக்குள்ளேயே மரங்கள் அடர்ந்த சில வளாகங்களில் தேவாங்குகள் வாழ்கின்றன என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி. ஆயினும் மாந்திரீகம், நாட்டு மருந்து என்ற பெயரில் தேவாங்கைப் பிடிப்பவர்களும், தீபாவளியை ஒட்டி ஆந்தைகளைத் தேடுபவர்களும் இருப்பதால், இன்ன மரம், இன்ன தெரு என்று ஒருபோதும் சொல்ல வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இவற்றைக் காக்கிறது, ஆனால் சட்டம் வந்து சேரும் முன் நம் வாயிலிருந்து போகும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். படக் கோப்பினுள் கேமராவோ கைபேசியோ இடத்தின் ஆயத்தொலைவுகளைப் பதிந்து வைத்திருக்கலாம். படங்களைப் பகிரும் முன் அந்தத் தகவலை அழித்துவிடுங்கள்.

அரங்கில்

வார நாள் மாலையில் இந்த நகரத்தின் போக்குவரத்தில் யாரும் நேரத்துக்கு வந்து சேர முடியாது. ஞாயிறு காலை ஏரிக்கரை நடையை முடித்து, சிற்றுண்டிக்குப் பின் பத்து மணிக்கு உரையைத் தொடங்குவதே என் பரிந்துரை. அதற்குத் திரைச்சீலையுள்ள அறை வேண்டும். புரொஜெக்டர் நிறங்களை வெளிறச் செய்யும், இருண்ட பகுதிகளை ஒரே கறுப்பாக்கிவிடும். நீர்க்காகம், கரிச்சான் போன்ற கரிய பறவைகளின் படங்களைச் சற்று வெளிச்சம் கூட்டிச் சேமித்துக்கொள்ளுங்கள். முன்விளக்கை அணைத்து, பின்விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். முதியவர்கள் எழுந்து நடக்க அது தேவை. லேப்டாப்பைப் புரொஜெக்டரோடு இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளை நீங்களே கொண்டுபோங்கள், அரை மணி முன்னதாகச் செல்லுங்கள்.

திரையைப் பார்த்துப் பேசாமல் மக்களைப் பார்த்துப் பேசுங்கள். லேசர் சுட்டியைச் சுழற்றிக்கொண்டே இருக்காமல், காட்ட வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு அணைத்துவிடுங்கள். குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வைத்தால் முதல் விடைகள் அவர்களிடமிருந்தே வரும், பெரியவர்களின் தயக்கமும் அதனால் நீங்கும்.

கேள்வி நேரம்

குறைந்தது இருபது நிமிடங்களைக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். கைபேசிக் கோபுரங்களால்தான் சிட்டுக்குருவி அழிந்ததா என்ற கேள்வி ஏறக்குறைய எல்லாக் கூட்டங்களிலும் வரும். அதற்கு உறுதியான சான்று இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு தயாரித்த 2020-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக இருப்பதாகவும், பெருநகரங்களில் குறைந்துவருவதாகவும் தெரிவித்தது. கூடு வைக்க இடமும் குஞ்சுக்குக் கொடுக்கப் பூச்சியும் குறைந்தது நகரத்துக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. விடை தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் பதில் தாருங்கள்.

‘எங்க ஊர்ல இதைக் கானாங்கோழின்னுதான் சொல்வோம், வாய்க்கால் ஓரமா நிறையத் திரியும்’ என்று கிருஷ்ணகிரியிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ வந்த ஒரு பாட்டி சொல்லத் தொடங்கினால் இடையில் நிறுத்தாதீர்கள். எந்தப் பறவை எங்கே எத்தனை காலம் முன்பு இருந்தது என்பதற்கு அவர் ஒரு சாட்சி. ஆண்டும் ஊரும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கலைந்து போகும் முன் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு தாளைக் கொடுங்கள்: உரையில் வந்த பறவைகளில் ஐந்தின் பெயரும், ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டிய ஒரே ஓர் அடையாளமும், அடுத்த நடைக்குரிய ஏரியும் நேரமும் அதில் இருந்தால் போதும். அந்த நடையில் நீங்களும் கலந்துகொள்ளுங்கள். எந்த அடையாளத்தை எல்லோரும் கண்டார்கள், எதைத் தவறவிட்டார்கள் என்று கவனித்து, தவறவிட்ட படத்தை மாற்றிவிட்டு, அதே உரையை வேறொரு குழுவுக்கு மீண்டும் நிகழ்த்துங்கள்.